உழைப்பவருக்கு உறக்கமும் உரமே

(பாலாற்றுப் பகுதி உழவர்களும் மகளிரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இத்தகைய கூட்டங்களில் விதை, உரம், பயிர் பாதுகாப்பு என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இன்று நான் பேசப் போவது பயிரைப் பற்றியன்று; பயிரை வளர்க்கும் உங்கள் உடம்பைப் பற்றி. அதிலும் உறக்கம், ஓய்வு ஆகிய இரண்டைப் பற்றி மட்டும்.

"இதில் பேச என்ன இருக்கிறது? படுத்தால் தூக்கம் வருகிறது, விடிந்தால் எழுந்திருக்கிறோம்" என்று சிலர் நினைக்கலாம். நாம் உறக்கத்தைச் சோம்பலின் உடன்பிறப்பாகவே கருதிப் பழகிவிட்டோம். கூடுதலாகத் தூங்குபவரைக் கும்பகர்ணன் என்கிறோம். மாலையில் இலையை மடக்கும் மரத்துக்குக்கூடத் தூங்குமூஞ்சி மரம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் நிலக்கடலை பயிரிடும் உங்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். கொடிக்கடலை விதைக்கு உறக்கக் காலம் உண்டு. கொத்துக்கடலை ரகங்கள் பலவற்றுக்கு அது இல்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கொத்துக்கடலை செடியிலேயே முளைத்து வீணாகிவிடும். உறக்கம் உள்ள விதை கெடாமல் காத்துக் கிடக்கும். விதைக்கே உறக்கம் ஒரு காப்பு என்றால், நாள் முழுவதும் வெயிலில் உழைக்கும் உடம்புக்கு அது எவ்வளவு தேவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான் இன்று சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். உறக்கம், வேலை முடிந்து மிச்சமிருந்தால் எடுத்துக்கொள்ளும் பொருள் அன்று. தண்ணீர் முறையைப் போல, உர அட்டவணையைப் போல, முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டிய ஒன்று.

ஒரு வீட்டில் இரண்டு கடிகாரம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சேர்ந்த இந்தப் பகுதி தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 2019ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, இவ்வூர்கள் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. மாவட்டம் மாறினாலும் பாலாறு ஒன்றுதான். மக்களின் வாழ்க்கை முறையும் ஒன்றுதான்.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் இப்பகுதி நிலங்கள் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த முதற்கட்டக் கணக்கெடுப்பு எடுத்துக் காட்டப்பட்டது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 எக்டர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்பது அந்தக் கணக்கு. நிலம் உப்பேறிய வீட்டிலும், கிணறு வற்றிய வீட்டிலும் பெண்கள் ஷூ கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். இருக்கும் நிலத்தை ஆண்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் காப்பாற்றி வருகிறார்கள்.

இதனால் ஒரே வீட்டில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று மின்சாரம் வரும் நேரத்தைக் காட்டுகிறது. மற்றொன்று கம்பெனி பஸ் வரும் நேரத்தைக் காட்டுகிறது. எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவர் இரவு 9 மணிக்குப் படுக்கிறார். மின்சார முறைக்காக 12 மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போய், 3 மணிக்குத் திரும்பிப் படுக்கிறார். பால் கறக்க 5 மணிக்கு எழுந்துவிடுகிறார். மொத்தம் 5 மணி நேர உறக்கம். அதுவும் இரண்டு துண்டாக. மனைவி பாத்திரம் கழுவிப் படுக்க 10½ மணி ஆகிறது. கணவர் எழும்போது அவருக்கும் விழிப்பு வருகிறது. 4 மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, 7 மணி பஸ்ஸைப் பிடிக்கிறார். அவருக்கும் 5 மணி நேரம் தேறவில்லை.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. பள்ளி செல்லும் சிறுவர்களுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தேவை. மேலே சொன்ன கணவருக்கு நாளுக்கு 2 மணி நேரம் குறைகிறது. வாரத்துக்கு 14 மணி நேரம். அதாவது, வாரத்தில் இரண்டு இரவு அவர் கண்ணையே மூடவில்லை என்று பொருள். கூட்டுறவு வங்கிக் கடனை நாம் மறக்கமாட்டோம். வட்டி ஏறுவது நமக்குத் தெரியும். தூக்கக் கடனுக்கும் வட்டி உண்டு. அதை உடம்பு வசூல் செய்துகொள்ளும்.

உறங்கும்போது உடல் என்ன செய்கிறது?

உறங்கும்போது உடம்பு சும்மா கிடப்பதாக நினைப்பது தவறு. பகலில் தேய்ந்ததை அது அப்போதுதான் பழுது பார்க்கிறது. முன்னிரவில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. பிள்ளைகள் வளர்வதற்கும், பெரியவர்களின் தசையும் தோலும் சீராவதற்கும் அது உதவுகிறது. நோய் எதிர்ப்பு ஆற்றல் வலுப்பெறுவதும், பகலில் கற்றது மனத்தில் பதிவதும் உறக்கத்தில்தான்.

உறக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என, ஆழ்ந்த உறக்கமும் கனவு உறக்கமும் மாறி மாறி வருகின்றன. இடையில் எழுந்தால் சுற்று அறுந்துபோகிறது. பாத்தி நிறையும் முன் மடையை மாற்றிவிட்டால் எப்படியோ, அப்படித்தான் துண்டு துண்டான தூக்கமும். மொத்த நேரம் சரியாக இருந்தாலும் பலன் குறைவு.

"பகலில் தூங்கி ஈடு செய்துகொள்ளலாமே?" என்று கேட்பீர்கள். ஓரளவு முடியும், முழுவதும் முடியாது. இதற்குக் காரணம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். 1729ஆம் ஆண்டில் தெ மெரான் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர், தொட்டாற்சுருங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாதபோதும் பகல் வேளையில் இலை விரிந்தது. இரவு வேளையில் மடங்கியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருப்பதற்கு அது முதல் சான்றாயிற்று. அதே போன்ற கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்ட மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கும் இக்கடிகாரம் உண்டு. பகலில் விழிக்கவும் இரவில் உறங்கவும் அது உடலை ஆயத்தம் செய்கிறது. ஆகவேதான் பகல் தூக்கம் விரைவில் கலைந்துவிடுகிறது.

தூக்கம் குறைந்தால் வரும் கேடு இரண்டு வகை. ஒன்று உடனே வருவது. ஒருவர் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், அவருடைய கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 விழுக்காடு சாராயம் உள்ளவரைப் போலத் தடுமாறுகின்றன என்று 1997ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 விழுக்காடுதான். விடியற்காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதன் பிறகு ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடுபவரும், நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியில் போகிறவரும் ஒரு துளி குடிக்காமலே குடித்தவர் நிலையில் இருக்கிறார்கள்.

மற்றொன்று மெல்ல வருவது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், நல்ல உடல்நலமுள்ள 11 இளைஞர்களை ஆறு இரவு 4 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆறே நாளில் அவர்கள் உடல் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் கணிசமாகக் குறைந்துபோயிற்று. நீரிழிவு நம் கிராமங்களில் வீட்டுக்கு வீடு எட்டிப் பார்க்கும் இந்தக் காலத்தில் இது கவனிக்க வேண்டிய செய்தி. இரத்தக் கொதிப்பும், காரணமில்லாத எரிச்சலும், மனச்சோர்வும்கூடத் தூக்கக் குறைவோடு சேர்ந்து வருபவை.

வேலூர் கண்டு சொன்ன உண்மை

ஓய்வு புண்ணை ஆற்றும் என்பதை உலகம் கற்றுக்கொண்டதில் நம் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. இதை இப்பகுதி மக்களே பலர் அறியார்.

பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1914ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். இலண்டனில் மருத்துவம் கற்று, 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். அக்காலத்தில் தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் அந்நோயாலேயே தாமாக அழுகி விழுகின்றன என்றுதான் மக்களும் மருத்துவர்களும் நம்பினார்கள். அந்தச் சதையில் புண் வந்தால் ஆறாது என்று கைவிட்டுவிட்டார்கள்.

பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டது வேறு. தொழுநோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. உணர்ச்சி போனதால் நோயாளிக்கு வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் புண்ணான காலை ஊன்றி நடந்துகொண்டே இருக்கிறார். ஒவ்வோர் அடியிலும், ஆறத் தொடங்கிய சதை மீண்டும் நசுங்குகிறது. சதையில் குற்றமில்லை, அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை என்பதுதான் குற்றம். அதே காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, புண்ணின் மேல் அழுத்தம் விழாமல் சில வாரம் காத்தபோது, ஆறாது என்று விட்ட புண்கள் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறின.

மா ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒட்டுக் கட்டிய இடத்தை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தாலும், ஆட்டிக்கொண்டே இருந்தாலும் ஒட்டுமா? அசையாமல் இருந்தால்தான் இரு திசுக்களும் சேரும். உடம்பின் காயமும் அப்படியே.

புண் ஆறினால் போதாது. மீண்டும் வராமலும் காக்க வேண்டும். அதற்காக மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்து கொடுத்தார்கள். 1955ஆம் ஆண்டில் காட்பாடி பக்கத்துக் கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையிலும் இப்பணி வளர்ந்தது. பிராண்ட் 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்றபோது இந்த அறிவையும் எடுத்துச் சென்றார். இன்று உலகெங்கும் நீரிழிவு நோயாளரின் பாதப் புண்ணுக்கு, அழுத்தத்தை நீக்கும் கட்டுப் போட்டு ஓய்வு தரும் முறை கையாளப்படுகிறது. தொழுநோயும் இன்று கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணமாகும் நோயாகிவிட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? நீரிழிவு உள்ள உழவர்களே, உங்களில் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் குத்தினாலும், செருப்புக் கடித்தாலும் தெரியாது. "வலி இல்லை, வயலுக்குப் போகலாம்" என்று போகாதீர்கள். வலி இல்லாத புண்தான் ஆபத்தான புண். தினமும் படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பார்வை போதாதவர்கள் வீட்டில் உள்ளவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் அன்றே காலுக்கு ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வார ஓய்வுக்கு மனம் வராமல், இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடப்பவர்களும், காலையே இழப்பவர்களும் உண்டு. வெறுங்காலோடு வரப்பில் நடக்க வேண்டாம். ஊருக்கெல்லாம் செருப்பும் ஷூவும் செய்து அனுப்பும் பகுதி இது. நம் காலில் நல்ல செருப்பு ஒன்று இருக்க வேண்டாமா?

ஓய்வு மருந்துக்குத் துணை, மாற்று அன்று

ஓய்வின் பெருமையைப் பேசும்போது அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். முன்னாளில் காசநோய்க்குச் சரியான மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு ஆகியவையே மருத்துவம். மதனப்பள்ளி பக்கத்து ஆரோக்கியவரத்திலும், தாம்பரத்திலும் அதற்கென்றே பெரிய மருத்துவமனைகள் எழுந்தன. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்துக்குச் சானடோரியம் என்று பெயர் வந்தது அதனால்தான்.

மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒரு சோதனை நடத்தியது. நோயாளரில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையில் ஓய்வோடும் நல்ல உணவோடும் மருந்து கொடுத்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு, அவர்கள் ஏழை வீடுகளிலேயே வைத்து அதே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்று போலவே குணமடைந்தனர். 1959ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு உலகம் முழுவதிலும் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது.

ஆகவே, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து உண்ணாமல் "படுத்துக் கிடந்தால் போய்விடும்" என்று இருப்பதும் தவறு. மருந்து உண்டோமே என்று உடனே மண்வெட்டியைத் தூக்குவதும் தவறு. மேலும், எல்லா நோய்க்கும் படுக்கை ஓய்வு ஏற்றதன்று. சாதாரண முதுகுவலிக்கு நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதைவிட, பாரம் தூக்காமல் மெல்ல நடமாடுவதே நல்லது. அறுவை மருத்துவம் முடிந்தவர்களையும் விரைவில் எழுப்பி நடக்கவைக்கிறார்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க அது தேவை. எதற்கு எவ்வளவு ஓய்வு என்பதை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்ன நாள் வரை அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

"தூங்கினால் யார் தண்ணீர் பாய்ச்சுவது?"

இந்தக் கேள்வி உங்கள் மனத்தில் இருப்பது எனக்குத் தெரியும். இதற்கு விடை சொல்லாமல் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது பயனற்ற பேச்சு.

ஏரிப் பாசனம் சிறப்பாக நடந்த காலத்தில் ஊருக்கு ஊர் நீர்க்கட்டி என்பவர் இருந்தார். ஏரி மதகைத் திறப்பதும், முறைப்படி வயல்களுக்குத் தண்ணீர் விடுவதும் அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்குப் பங்கு நெல் அளந்தார்கள். அவரும் உடன் இருந்த ஓரிருவரும் கண்விழித்தார்கள், ஊர் தூங்கியது. ஆளுக்கொரு கிணறு, ஆளுக்கொரு மோட்டார் என்று வந்த பிறகு ஒவ்வோர் உழவரும் தமக்குத் தாமே நீர்க்கட்டி ஆகிவிட்டார். ஊரே கண்விழிக்கிறது. இதை மாற்றச் சில வழிகள் உள்ளன.

முதலாவது, பக்கத்து நிலத்துக்காரர்கள் நான்கைந்து பேர் கூடி முறை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் விழித்திருந்து அனைவர் மோட்டாரையும் கவனித்தால் மற்ற நால்வரும் நிம்மதியாக உறங்கலாம். ஐந்து நாளுக்கு ஒரு நாள் கண்விழிப்பதை உடம்பு தாங்கும். ஐந்து நாளும் கண்விழிப்பதைத் தாங்காது.

இரண்டாவது, இரவு மின்சாரத்தில் தொட்டியை மட்டும் நிரப்பிக்கொள்வது. மின்சாரம் வந்ததும் தானே ஓடவும், தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிற்கவும் செய்யும் மோட்டார் இயக்கிகளும், செல்போன் வழியே இயக்கும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. ஊறும் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, பகலில் சொட்டுநீர் வழியே பாய்ச்சலாம். தண்ணீரும் மிச்சம்; தூக்கமும் மிச்சம். கருவியைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டே பொருத்துங்கள். நில இணைப்புக் கம்பி சரியாக இருக்கட்டும்.

மூன்றாவது, சூரிய சக்தி பம்புசெட்டு. அது வெயில் இருக்கும்போதுதான் ஓடும். அதைக் குறை என்று சொல்கிறார்கள். இரவில் உங்களை எழுப்பாது என்பதால் அதை நிறை என்றும் சொல்லலாம். இவற்றுக்கான உதவித் திட்டங்களைப் பற்றி உங்கள் வட்டாரத்து வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும், தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் கேட்டறியுங்கள்.

எதுவும் முடியாமல் இரவில் போயே தீர வேண்டுமானால், மாலை 6 மணிக்கு முன்பாகவோ, மறுநாள் நண்பகலிலோ ஒரு தூக்கம் தூங்கிவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். கைவிளக்கும், முழங்கால் வரை மூடும் ரப்பர் காலணியும் இன்றி வரப்பில் இறங்காதீர்கள்.

படுக்கும் இடத்தில் கவனம்

தோட்டத்தில் வெறுந்தரையில் படுப்பது பலருக்குப் பழக்கம். கட்டுவிரியன் பாம்பு இரவில் நடமாடுவது. தரையில் உறங்குபவரைக் கடிப்பது. அதன் கடி பல சமயம் வலிப்பதில்லை. பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறுதல் என்றுதான் முதலில் தெரியவரும். அப்படிக் கண்டால் மந்திரம், பச்சிலை என்று நேரம் போக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நச்சுமுறி மருந்து அங்கே உண்டு. கயிற்றுக் கட்டிலில், கொசுவலையை விரிப்பின் அடியில் நன்கு செருகிப் படுத்தால் பாம்பும் அண்டாது, கொசுவும் அண்டாது. உணர்ச்சியற்ற பாதம் உள்ளவர்களுக்கு எலிக் கடியிலிருந்தும் அதுவே காப்பு.

பூச்சி மருந்து வைத்திருக்கும் கொட்டகையில் படுக்கக் கூடாது. மருந்து அடித்த நாளில் சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பிறகே படுக்க வேண்டும். டீசல் எஞ்சின் ஓடும் அறையை மூடிக்கொண்டு உள்ளே தூங்கினால் அப்புகையே உயிரைப் போக்கிவிடும். தானியம் காயவைத்த சாலையோரத்தில் காவல் படுப்பதையும் விட்டுவிடுங்கள். மூட்டை போனால் அடுத்த போகத்தில் சம்பாதிக்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

வீட்டில் கடைசியாகப் படுப்பவரும் முதலில் எழுபவரும் நீங்கள்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும், வாரம் ஒரு நாள் விடுமுறை விட வேண்டும் என்று ஆலைகளுக்கு விதித்தது. அடுப்படிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. கம்பெனியில் விடுமுறை விடும் ஞாயிற்றுக்கிழமையில்தான் துணி துவைப்பதும், களை எடுப்பதும், மாவு அரைப்பதும் உங்கள் தலையில் விழுகின்றன.

ஆகவே ஆண்களைப் பார்த்துச் சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் கழுவுவதையும், காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் அந்த அம்மாவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பணம் செலவில்லாத உதவி இது. வளர்ந்த பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொள்ளட்டும். பேறுகாலம் முடிந்தவர்களையும், கருப்பை அறுவை முடிந்தவர்களையும், மருத்துவர் சொன்ன நாள் வரை தண்ணீர்க் குடமும் புல்லுக்கட்டும் தூக்கவிடாதீர்கள். கறவை மாடு நாளில் ஏறத்தாழப் பாதி நேரம் படுத்து அசைபோட்டால்தான் பால் கறக்கும் என்று அதைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறோம். வீட்டுத் தாய்க்கு அந்தச் சலுகையாவது வேண்டாமா?

கடைப்பிடிக்க வேண்டியவை

1. படுக்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் கூடிய மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

2. இரவு உணவைப் படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே, வயிறு புடைக்காமல் உண்ணுங்கள்.

3. மாலை 4 மணிக்கு மேல் தேநீர், காப்பி வேண்டாம். குடித்து 5 மணி நேரம் ஆன பிறகும் அதன் விழிப்பூட்டும் சத்தில் பாதி உடம்பில் நிற்கும்.

4. தூக்கத்துக்காகச் சாராயம் குடிப்பது ஏமாற்று வேலை. முதலில் மயக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரையும் ஆகாது.

5. படுக்கும் அறை இருட்டாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும். செல்போனையும் தொலைக்காட்சியையும் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள்.

6. கோடையில் வெயில் ஏறும் முன் வயல் வேலையை முடித்து, நண்பகலில் நிழலில் 20 அல்லது 30 நிமிடம் கண்ணயருங்கள். அதற்கு மேல் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும்.

7. உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று திணறுபவர்கள், போதுமான நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுபவர்கள், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனக்கவலையால் தூக்கம் போயிற்று என்றாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்கும் மருத்துவம் உண்டு.

உழவர் பெருமக்களே! ஒரே பயிரை ஓயாமல் பயிரிட்டால் மண் சளைத்துப் போகும் என்று பயிர்ச் சுழற்சி செய்கிறோம். மாட்டை ஏரிலிருந்து அவிழ்த்தால் தண்ணீர் காட்டி நிழலில் கட்டுகிறோம். மோட்டார் சூடேறினால் நிறுத்தி ஆறவிடுகிறோம். மண்ணுக்கும் மாட்டுக்கும் மோட்டாருக்கும் கொடுப்பதை உங்களுக்கும் கொடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்குப் படுக்கிறோம், எத்தனை மணிக்கு எழுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். எங்கே குறைகிறது, யார் எந்த வேலையைப் பகிர்ந்துகொண்டால் அது நிறையும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.